ப்ளேலிஸ்ட்டில் இருக்கும் பாட்டும் வாயில் இருக்கும் பாட்டும்



பிடிச்ச முருகன் பாட்டு எதுன்னு நம்ம வயசுப் பசங்க யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் பத்துப் பாட்டு சொல்லிடுவாங்க. டி.எம்.எஸ்., சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள், பித்துக்குளி முருகதாஸ் எல்லாருமே போனில் இருக்காங்க. அதில் ஒரே ஒரு பாட்டையாவது போனைப் பார்க்காமல், பின்னணியில் எதுவும் ஓடாமல், முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வருமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கேட்பதைக் குறை சொல்ல வரவில்லை. நானும் பெங்களூரில் ஆபீஸ் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் கேட்கிறேன். ஆனால் மனப்பாடமான பாட்டு வேறு மாதிரி வேலை செய்யும்.

கந்த சஷ்டி கவசத்தையே எடுத்துக்கோங்க. 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடியது. ஆறுபடை வீடுகளுக்கும் தனித்தனிக் கவசம் உண்டு. நாம் தினமும் கேட்பது திருச்செந்தூருக்கு உரியது. அரங்கேறியது எங்க சென்னிமலையில்தான் என்று ஈரோட்டுப் பக்கம் பெருமையாகச் சொல்வாங்க. 200 வரிக்கு மேல் போகும் பாட்டு. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகளுக்கு இது எப்படி மனப்பாடமாச்சு?

பாட்டு கட்டப்பட்ட விதம் அப்படி. நடுப்பகுதி முழுக்க நெற்றி, கண், செவி, நாசி, வாய், பல், நாக்கு, கன்னம், கழுத்து என்று மேலிருந்து கீழே இறங்கிக்கிட்டே போகும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேல் காவல். அடுத்து எது வரும்னு மறந்துபோனால் உங்க உடம்பைத் தொட்டுப் பார்த்தாலே போதும். சூலமங்கலம் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி சகோதரிகள் பாடிய இசைத்தட்டு வந்த பிறகு, ராகம் மாறும் இடங்களும் ஒரு அடையாளக் கல் மாதிரி ஆயிடுச்சு.

எங்க அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, நாலு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போயிடுச்சு. நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில்தான் வராது. தண்ணி வேணும்னாலும் "அது, அது"தான், ஜன்னலைச் சாத்தணும்னாலும் "அது, அது"தான். என்னை வாய் நிறைய "கண்ணு"ன்னு கூப்பிடுவார். அந்தச் சொல்லும் வரலை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் அம்மா விளக்கேத்தி, கவசம் சொல்ல ஆரம்பிச்சாங்க. நாலைஞ்சு வரி போனதும் கட்டிலிலிருந்து இன்னொரு குரல். குழறலாத்தான் இருந்தது, ஆனால் வரி தப்பலை. அம்மா நிறுத்தினாங்க. அம்மாயி நிறுத்தலை, கொஞ்ச தூரம் தனியாவே போனார். நாக்கைக் காக்கச் சொல்லும் இடம் வந்தப்போ அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சு "தண்ணி வேணுமா அம்மா"ன்னு கேட்டா, மறுபடியும் "அது, அது".

இதை அற்புதம்னு எழுதி நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை, ஏன்னா மருத்துவத்துக்கு இது தெரிஞ்ச விஷயம். பேச்சை நடத்தும் பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம் இருக்கு. அங்கே அடிபட்டால் அஃபேசியா என்ற பேச்சிழப்பு வரும். அப்படிப் பேச்சிழந்த சிலருக்கும் ஒன்று, இரண்டு எண்ணுவது, கிழமைகளின் பெயர், பழகிய பிரார்த்தனை, பழகிய பாட்டு மட்டும் வரும். சொல்லைத் தேடிக் கோத்துப் பேசுவது ஒரு வேலை. வருஷக்கணக்கா வாய் பழகிய வரிசையை ஓடவிடுவது இன்னொரு வேலை. 1973-லேயே அமெரிக்காவின் பாஸ்டனில் இதை வைத்து மெலடிக் இன்டோனேஷன் தெரபி என்று ஒரு பயிற்சி முறையை உருவாக்கினாங்க. அம்மாயிக்கு வந்த பேச்சுப் பயிற்சியாளரும் இடது கையால் தாளம் தட்டிக்கிட்டே "தண்ணி வேணும்" என்பதைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்ல வைத்தார். மூணு மாசத்தில் பத்துப் பதினைஞ்சு சொல் திரும்பி வந்தது. "கண்ணு" அதில் ஒண்ணு. மீதி கடைசி வரைக்கும் வரலை. கவசம் கடைசி வரைக்கும் வந்தது. அம்மா இதை முருகன் செயல்னு சொல்வாங்க. டாக்டர் சொன்னதும் அம்மா சொல்வதும் ஒன்றை ஒன்று வெட்டுதுன்னு எனக்குத் தோணலை.

இதில் நான் கவனிச்ச ஒரு விஷயத்தைச் சொல்லணும். அம்மாயிக்குப் பழைய சினிமாப் பாட்டும் உயிர். போட்டுவிட்டா தலையாட்டுவார், விரலால் தாளம் போடுவார். வார்த்தை மட்டும் வராது. ஐம்பது வருஷம் காதால் கேட்ட பாட்டு வெளியில் நின்னுடுச்சு, தன் வாயால் சொன்னது மட்டும் உள்ளே தங்கியிருந்தது.

அடுத்து திருப்புகழ். 15-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் பாடியது. "அர்த்தமே புரியலை, அப்புறம் எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க நம்மிலேயே நிறையப் பேர். முதலில் சந்தத்தைப் பிடிங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் "தத்தத்தன", "தனதான" என்று ஒரு வாய்பாடு இருக்கும். வல்லெழுத்து, மெல்லெழுத்து, குறில், நெடில் எல்லாம் அந்த வாய்பாட்டில் எங்கே வரணுமோ அங்கேதான் வரும். நம்ம தொழில் பாஷையில் சொன்னா இது ஒரு செக்சம். ஒரு எழுத்தை விழுங்கினாலும் தாளம் இடறி, "எங்கேயோ தப்பிட்டே"ன்னு காட்டிக் கொடுத்துடும். டி.எம்.எஸ். அருணகிரிநாதராகவே நடித்த 1964-ஆம் வருஷப் படத்தில் அவர் பாடும் திருப்புகழைக் கேட்டுப் பாருங்க, அந்த வேகத்திலும் ஒரு எழுத்து நழுவாது.

ஆனால் சந்தம் எவ்வளவு கெட்டியா இருந்தாலும், பாடுவதற்கு வாய் இல்லைன்னா பாட்டு போயிடும். அருணகிரியார் பாடியது 16,000 என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பது சுமார் 1,300. அதுவும் தானா வந்ததில்லை. 1871-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாக ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைக் காட்டினாங்க. கோர்ட்டில் வேலையில் இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை அதைக் கேட்டு மயங்கினார். அதுக்கப்புறம் ஊர் ஊரா அலைஞ்சு ஏட்டுச் சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, இரண்டு பாகமாக அச்சிட்டார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைத் தொடர்ந்து உரையும் எழுதினார். சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கிட்டே செஞ்சது இது. நமக்கு நேரமில்லைன்னு சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

ஏட்டிலிருந்து புத்தகத்துக்கு வந்ததைப் புத்தகத்திலிருந்து ஜனங்க வாய்க்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் வள்ளிமலை சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்றுவலியோடு பழநிக்கு வந்தவர், அங்கே திருப்புகழைக் கேட்டு, அதுக்காகவே வயசான பிறகு தமிழ் எழுத்துப் படிச்சவர். ஜனவரி 1 அன்று ஜனங்க வெள்ளைக்காரத் துரைகளுக்கு மாலையும் பழமும் எடுத்துக்கிட்டுப் போவதைப் பார்த்து, "அந்த வணக்கத்தைத் தணிகைத் துரைக்குப் போடுவோம்"னு எல்லாரையும் திருத்தணிக்குத் திருப்பினார். 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ். டிசம்பர் 31 ராத்திரி இன்றைக்கும் நடக்கும் திருப்படித் திருவிழா இதுதான். புத்தாண்டுக்கு எங்கே போகலாம்னு யோசிக்கிறவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க, கூட்டம் இருக்கும், குளிரும், போர்வை எடுத்துக்கோங்க.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நேரா பெரிய திருப்புகழில் குதிக்க வேண்டாம்னு நினைக்கிறேன். அருணகிரியாரே பாடிய கந்தர் அனுபூதி இருக்கு. காப்பு நீங்கலா 51 பாட்டு, ஒவ்வொன்றும் நாலே வரி, சின்ன வரி. வாரம் ஒண்ணுன்னு வைங்க, ஒரு வருஷம். நான் செய்யும் முறை இது: திங்கட்கிழமை பாட்டைக் கையால் ஒரு தாளில் எழுதுவேன். இரண்டு நாள் ராகமே இல்லாமல், தொடையில் தட்டிக்கிட்டு வாய்விட்டுச் சொல்வேன். மனசுக்குள் படிச்சா கணக்கில் வராது. அப்புறம்தான் உரையைப் பார்ப்பேன், ஏன்னா வாய்க்கு வந்த பாட்டுக்கு அர்த்தம் சட்டுனு ஒட்டிக்கும். வெள்ளிக்கிழமை தாளைக் கவிழ்த்து வச்சுட்டு, பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்ப்பேன்.

வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவங்களிடம் போய் ஒப்பிங்க. தப்பினா அவங்களே எடுத்துக் கொடுப்பாங்க.

வேலும் மயிலும் துணை.