அஞ்சும் உயிரை அணுகுதல்

நுழையும்முன்

பேசும் உயிர் தன் அச்சத்தைச் சொல்லால் உணர்த்தும். பேசா உயிரின் அச்சத்தை அதன் உடலைக் கொண்டே அறிதல் வேண்டும். மேலைநாடுகளில் கைவிடப்பட்டுக் காப்பகங்களை வந்தடையும் கினிப்பன்றிகளைக் கையாளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கினிப்பன்றி, கினி நாட்டுக்கு உரியதும் அன்று; பன்றி இனத்தைச் சார்ந்ததும் அன்று. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் வழங்கப்படும் இக்கொறிவிலங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்குள்ளோர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை உணவுக்காக வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, அங்கே செல்ல விலங்காயிற்று. ஆய்வுக்கூடங்களும் இதனை நாடின. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து 1882இல் உலகிற்கு அறிவித்த இராபர்ட் கோக், தம் சோதனைகளுக்குப் பெரிதும் பயன்படுத்திய விலங்கு இதுவே.

இத்துணைச் சிறிய விலங்கு காப்பகத்தை அடைவதற்குப் பெரும்பாலும் மனிதரின் கவனக்குறைவே காரணமாகிறது. பெண் குட்டி நான்கு வார அகவையிலேயே கருவுறக்கூடும். ஆண், பெண் வேறுபாடு அறியாமல் இரண்டினை ஒரே கூண்டில் இடுபவர், சில திங்களில் பலவற்றுக்கு உரியவராகிறார். குழந்தைகளின் ஆவலுக்காக வாங்கப்பட்டு, ஆவல் தணிந்ததும் இருண்ட மூலையில் விடப்படுபவையும் உண்டு. அவற்றிற்கு மனிதக் கை என்பது துரத்திப் பிடிக்கும் ஒன்றாகவே நினைவில் நிற்கிறது.

கினிப்பன்றி இரைவிலங்கு. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்கள் ஏறத்தாழச் சுற்றுப்புறம் முழுவதையும் காண உதவுகின்றன. வானிலிருந்து பாயும் பறவை அதன் பழம்பகை. ஆகவே, மேலிருந்து இறங்கும் கை எத்துணை அன்புடையதாயினும் அதற்குப் பருந்தின் நிழலே. ஆபத்தை உணர்ந்ததும் அது ஓடும். அன்றேல் கல்லெனச் சமைந்துவிடும். மடியில் அசையாதிருக்கும் விலங்கைக் கண்டு, 'எவ்வளவு சாது!' என வியப்போர் பலர். விரிந்த கண்களும் விறைத்த உடலும் கொண்ட அவ்வசையாமை, பெரும்பாலும் அச்சத்தின் உச்சமே ஆகும். பற்களை நறநறவெனக் கடித்தல் எச்சரிக்கை. தொடும் கையைத் தலையால் மேல்நோக்கித் தள்ளுதல் மறுப்பு. மகிழ்ந்த கினிப்பன்றியோ, சோளப்பொரி வெடிப்பது போல நின்ற இடத்திலேயே துள்ளிக் குதிக்கும்.

புதிதாக வந்த விலங்கை முதற் சில நாள்கள் தொடாதிருத்தலே நன்று. ஒளிந்துகொள்ள இரு வாயில்களையுடைய சிறு மறைவிடம், குறைவிலா உலர்புல், தூய நீர், ஓசையற்ற சூழல் ஆகியன போதும். மறைவிடத்தை அகற்றிவிட்டால் விரைவில் பழகிவிடும் எனச் சிலர் கருதுவர். அது அச்சத்தை மிகுவிக்குமேயன்றிக் குறைக்காது. பின்னர், நாள்தோறும் ஒரே நேரத்தில் கூண்டருகே தரையில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசலாம். கொத்தமல்லித் தழையை நீட்டி, கையை அசைக்காமல் காத்திருக்கலாம். சில நாளிலோ சில வாரத்திலோ அது தானே வந்து உண்ணும்.

தூக்க வேண்டிய நிலையில், துணியாலான சிறு குகைக்குள் அதனை நுழையச் செய்து, குகையோடு எடுத்தல் எளிது. கையால் எடுப்பதாயின், ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்னுடலின் கீழும் தாங்க, உடலோடு அணைத்துக்கொள்ளல் வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். எனவே அமர்ந்தே கையாள்க. கீழே விடும்பொழுதுதான் அது பாய முற்படும். கால்கள் தரையில் ஊன்றும்வரை பிடி தளர்தல் ஆகாது. இவ்வளவு செய்தும் மடிக்கு வர விரும்பாதவை உண்டு. அவற்றை அவ்வாறே விட்டுவிடுவதில் இழப்பொன்றும் இல்லை.

> தெரிந்து தெளிவோம்
> கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், அதனைத் துணையின்றித் தனியே வளர்ப்பதைத் தடை செய்கின்றன.

இத்துணைப் பொறுமை எதற்கு எனும் வினா எழலாம். இரைவிலங்கு தன் நோயை மறைக்கும் இயல்புடையது. நலிவு வெளித்தெரிந்தால் பகைக்கு இலக்காகும். கைக்குப் பழகிய விலங்கையே வாரந்தோறும் தராசிலிட்டு எடை காணவும், பல்லையும் நகத்தையும் ஆராயவும் இயலும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. மனிதரைப் போன்றே அதன் உடலும் உயிர்ச்சத்து சியை ஆக்கிக்கொள்ளாது. குடைமிளகாய் போன்ற உணவின் வழியே அதனைப் பெறல் வேண்டும். எடை குறைந்துகொண்டே வருதல் நோயின் முதல் அறிகுறி. அச்சத்தாலோ நோயாலோ உணவு நின்றுவிடின் குடலியக்கமும் தடைப்படும். ஒரு நாள் தாமதமும் உயிருக்கு இடராகும். அந்நிலையில் உடனே கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். மனிதருக்குரிய மருந்தைத் தாமே கொடுத்தல் கூடாது. பென்சிலின் இவ்விலங்குக்கு நஞ்சாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் காணும் ஆடு, கோழி, அணில் ஆகியவற்றுள் ஒன்றை உற்றுநோக்கி, அது அஞ்சும்பொழுது காட்டும் உடற்குறிகளை ஒரு பக்க அளவில் எழுதுக.