சுண்டைக்காயும் சுமைகூலியும்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் போன்ற ஊர்களில் பட்டறைகளின் பின்புறத்தைக் கவனித்தால், பல ஆண்டுகளாக நகராத சொகுசு மகிழுந்துகளைக் காணலாம். சாயம் மங்கி, சக்கரங்களில் காற்று இறங்கி, கூரைமேல் சருகு படிந்து அவை நிற்கும். புதிதாக இருந்தபோது லட்சக்கணக்கான ரிங்கிட் விலை பெற்ற அந்த வண்டிகள் இன்று சில ஆயிரம் ரிங்கிட்டுக்கே கைமாறுகின்றன. மோட்டார் சைக்கிளின் விலையில் மெர்சிடிஸ் பென்ஸ் கிடைக்கிறது என்றால், வேலைக்குச் சேர்ந்து முதல் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞரின் மனம் சலனப்படுவது இயல்பே. ஆனால், ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி இத்தகைய வணிகத்திற்கு முற்றிலும் பொருந்தும்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. அங்கு 10 ஆண்டுகள் முடிந்ததும் உரிமையாளர் பணம் செலுத்திச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வாகனத்தின் பதிவை நீக்கி, அதை அழிக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். மலேசியாவில் தனியார் மகிழுந்துகளுக்கு அத்தகைய வயது வரம்பு இல்லை. எனவே, பழுதுபார்க்கப் பணமின்றியும் விற்க மனமின்றியும் உரிமையாளர் தயங்கும்போது, வண்டி நின்ற இடத்திலேயே முதுமை அடைகிறது.

அதன் விலை சரிவதற்குச் சாலை வரியும் ஒரு காரணம். தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் மகிழுந்துக்கான சாலை வரி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. 1.3 லிட்டர் மைவிக்கு ஆண்டு வரி 70 ரிங்கிட். 1998 முதல் தயாரிக்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் 320 வண்டியின் கொள்ளளவு 3,199 சிசி. தனிநபர் பெயரில் பதிவான அவ்வண்டிக்கு வரி 3,025 ரிங்கிட் 50 சென். அதாவது, மைவியின் வரியைவிட 43 மடங்கு! வண்டியின் விலை குறையலாம். ஆனால், அதற்கேற்ப இந்த வரி குறைவதில்லை. உதிரிப்பாகங்களின் விலையும் அவ்வாறே. சொகுசு வண்டிக்கான பாகம் சொகுசு வண்டிக்குரிய விலையிலேயே விற்கப்படுகிறது.

ஓடாத வண்டி தேயாது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், வெயிலும் மழையும் ஈரப்பதமும் மிகுந்த ஜொகூரில் நிற்கும் வண்டி வேகமாகக் கெடுகிறது. பெட்ரோல் நாளடைவில் பிசினாக மாறி எரிபொருள் குழாய்களை அடைக்கிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பிரேக்கின் உட்பாகங்கள் துருப்பிடிக்கின்றன. எலிகள் மின்கம்பிகளைக் கடித்துவிடுகின்றன. மழைநீர் வடிகால் துளைகளைச் சருகு அடைத்தால், நீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் அடியிலுள்ள மின்னணுக் கருவிகளைக் கெடுக்கிறது. மேற்கூறிய எஸ் 320 வண்டியில் இரும்புச் சுருள்களுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. அவை வெடித்துக் காற்றுக் கசிந்தால், வண்டி மண்டியிட்ட யானையைப் போலத் தரையை ஒட்டி அமர்ந்துவிடும்.

சக்கரத்தின் வயதை அறிய எளிய வழி உண்டு. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2309 என்று இருந்தால், அது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும், அத்தகைய பழைய ரப்பர் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கக்கூடும். ஆகவே, இயந்திரத்துக்கு முன்பாகப் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் பணம் ஒதுக்குவதே அறிவுடைமை. இயந்திரம் நின்றுபோனால் பயணம்தான் நிற்கும். பிரேக் செயலிழந்தால் உயிரே போகலாம்.

வாங்குவதற்கு முன் ஆவணங்களைச் சரிபார்ப்பது முதல் கடமை. அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா, செலுத்தப்படாத சம்மன்கள் உள்ளனவா என்பதையும் கேட்டறிய வேண்டும். உரிமை மாற்றத்திற்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் வண்டி பரிசோதிக்கப்பட வேண்டும். ஆவணம் சரியில்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சாலையில் ஓடாது.

உயிர்ப்பிக்கத் தீர்மானித்தவர் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்புவதில்லை. உள்ளே துருப்பிடித்திருந்தால், அந்த ஒரு திருப்பலே இயந்திரத்தைக் கெடுத்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பழைய பெட்ரோலை வடித்து, எண்ணெயை மாற்றுவார். பின்னர், தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி உருளைகளுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டு, இயந்திரத்தைக் கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்ப்பார். அது தடையின்றிச் சுழன்ற பின்னரே புதிய மின்கலத்தைப் பொருத்துவார்.

உயிர்ப்பிக்க இயலாத வண்டி வீணானது அன்று. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது போல, அதன் கதவு, விளக்கு, கண்ணாடி, இருக்கை, பல்லிணைப்பெட்டி ஆகியவை வேறு வண்டிகளுக்குப் பயன்படும். புகைபோக்கியில் உள்ள வினையூக்கிக் கருவியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. எனினும், பிரித்து விற்பதிலும் பொறுப்பு உண்டு. பயன்படுத்திய எண்ணெயும் ஈய அமில மின்கலமும் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறை விதிகளின்கீழ் அட்டவணையிடப்பட்ட கழிவுகளாகும். அவற்றைக் கால்வாயில் கொட்டுவது நீர்நிலைகளுக்குக் கேடு. வண்டியின் பதிவையும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி நீக்க வேண்டும். இல்லையெனில், அதன் எண்களைப் பிறர் திருட்டு வண்டிக்குப் பயன்படுத்தக்கூடும்.

பெரும்பாலோர் நட்டப்படுவது உயிர்ப்பித்ததாலும் அன்று, பிரித்ததாலும் அன்று. இரண்டுக்கும் நடுவில் நின்றதால்தான். இயந்திரத்துக்குச் செலவிட்ட பின் பல்லிணைப்பெட்டி பழுதாகும். அதைச் சரிசெய்ததும் காற்றுப்பை கசியும். ‘இவ்வளவு செலவழித்துவிட்டோமே’ என்ற எண்ணமே அடுத்த செலவுக்குத் தூண்டும். இறுதியில் சேமிப்பும் கரையும், வண்டியும் ஓடாது. எனவே, வாங்கும் முன்பே மூன்று தொகைகளைத் தாளில் எழுத வேண்டும்: சாலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, ஓராண்டு ஓட்ட ஆகும் செலவு, பிரித்து விற்றால் கிடைக்கும் வரவு. முதல் இரண்டும் தன் வருமானத்துக்குள் அடங்கினால் உயிர்ப்பிக்கலாம். மூன்றாவது தொகை வாங்கும் விலையைவிட அதிகமானால் பிரிக்கலாம். இரண்டும் இல்லையெனில், எவ்வளவு அழகான வண்டியாயினும் விலகிச் செல்வதே விவேகம்.

சொற்பொருள்
சலனப்படுதல் – மனம் அசைதல்
நிலுவை – செலுத்த வேண்டிய பாக்கி
பல்லிணைப்பெட்டி – வேகத்திற்கேற்ப இயந்திர விசையை மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் பகுதி

கருத்துணர் கேள்விகள்
1. ஜொகூரில் ஓடாமல் நிற்கும் மகிழுந்து கெடுவதற்கான மூன்று காரணங்களைக் குறிப்பிடுக.
2. இயந்திரத்தைவிடப் பிரேக்குக்கு முதன்மை அளிக்க வேண்டியது ஏன்?
3. கட்டுரையில் இடம்பெற்றுள்ள இரண்டு பழமொழிகளும் கருத்துக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விளக்குக.
4. ‘இவ்வளவு செலவழித்துவிட்டோமே’ என்ற எண்ணம் வேறு எந்தச் சூழல்களில் மனிதரைத் தவறான முடிவுக்குத் தள்ளும்? குழுவில் கலந்துரையாடுக.