பழி வாங்கியவனும் பழி ஏற்றவளும்

தமிழில் "பழி" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர் மேல் சுமத்தப்படும் குற்றமும் பழிதான். ஒருவர் மனத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்ளும் வஞ்சமும் பழிதான். பழி ஏற்றல் வேறு, பழி வாங்குதல் வேறு. இந்த ஒரு சொல்லைக் கொண்டே புகழ்பெற்ற இரு சிறுகதைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-இல் வெளியிட்ட "அமான்டில்லாடோ பீப்பாய்". மற்றொன்று, நம் கொல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்த ரவீந்திரநாத் தாகூர் 1893-இல் எழுதிய "சாஸ்தி", அதாவது "தண்டனை".

போவின் கதையில் மான்ட்ரெசார் என்பவன், தன்னை ஃபார்ச்சுனாட்டோ அவமதித்துவிட்டான் என்று வஞ்சம் வைத்திருக்கிறான். திருவிழா நாளில், அரிய மது ஒன்றைச் சுவைத்துச் சொல்லும்படி ஆசை காட்டி, அவனை நிலவறைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே சங்கிலியால் பிணைத்து, உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறான். பழி வாங்குபவன் தண்டனைக்குத் தப்ப வேண்டும். பழிக்கு ஆளாகிறவனுக்கு அதைச் செய்தவன் யாரென்று தெரிய வேண்டும். இதுவே அவன் வகுத்துக்கொண்ட இலக்கணம். ஆனால் அந்த அவமதிப்பு என்ன என்பதை அவன் கடைசிவரை சொல்வதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு கல்லையும் நினைவில் வைத்துச் சொல்கிறான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை; ஆனால் அந்த நிலவறையிலிருந்து அவன் மனம் வெளியே வரவும் இல்லை.

தாகூரின் கதை ஏழைக் குடிசையில் நடக்கிறது. துக்கிராம், சிதாம் என்ற அண்ணன் தம்பி இருவரும் ஜமீன் கச்சேரியில் நாளெல்லாம் கட்டாய வேலை செய்து, உரிய கூலியும் கிடைக்காமல், வசவும் வாங்கிக்கொண்டு பசியோடு திரும்புகிறார்கள். சோறு கேட்ட துக்கிராமுக்கு மனைவி ராதா குத்தலாகப் பதில் சொல்ல, அவன் ஆத்திரத்தில் அரிவாளால் வெட்டிவிடுகிறான். அண்ணனைக் காப்பாற்ற, சிதாம் தன் மனைவி சந்தராவே ஓரகத்தியைக் கொன்றாள் என்று சொல்லிவிடுகிறான். மனைவி போனால் இன்னொருத்தி கிடைப்பாள், அண்ணன் கிடைப்பானா என்பது அவன் கணக்கு.

தற்காப்புக்காகச் செய்ததாகச் சொல் என்று கணவன் கற்றுக்கொடுத்ததைச் சந்தரா சொல்ல மறுக்கிறாள். கொன்றது நான்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். வழக்கு மன்றத்தில் சகோதரர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டும் பயனில்லை. அவளைக் காப்பாற்றவே பொய் சொல்கிறார்கள் என்று நீதிபதி நினைத்துத் தூக்குத் தண்டனை விதிக்கிறார். சாகும் முன் தாயைப் பார்க்க விரும்புகிறாள். கணவனைப் பார்க்க மறுக்கிறாள்.

மான்ட்ரெசார் பிறரைக் கொன்று பழி வாங்கினான். சந்தராவோ பழியை ஏற்றே பழி வாங்கினாள். அவனுக்குச் சங்கிலியும் கல்லும் தேவைப்பட்டன. அவளுக்கு மௌனமே போதுமானதாக இருந்தது. அவன் கதையில் கொலையாளி ஒருவன். இவள் கதையில் அரிவாள் துக்கிராமுடையது, பொய் சிதாமுடையது, தீர்ப்பு நீதிபதியுடையது. அவர்களைப் பசியோடு திருப்பி அனுப்பிய கச்சேரிக்கு மட்டும் எந்த வழக்கும் இல்லை.

வ.வே.சு. ஐயரின் "குளத்தங்கரை அரசமரம்" (1915) தாகூரின் "காட்டேர் கதா"வைத் தழுவியது என்பதை அன்பர்கள் அறிவார்கள். கணவன் மறுமணம் செய்துகொள்ளப் போகிறான் என்று நம்பிய ருக்மிணி குளத்தில் விழுந்து மடிகிறாள். அவள் யாரையும் குறை சொல்லாமல் இறந்தாள். சந்தரா இறந்தே குறை சொன்னாள். இருவரையும் மடியச் செய்தது, வீட்டாரின் விருப்பமே பெரிது, பெண்ணின் மனம் பிறகு என்ற எண்ணம்தான்.

நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் வங்கமொழி படிக்கிறார்கள். அவர்கள் "சாஸ்தி"யை மூலத்திலேயே வாசித்துப் பெற்றோருக்குச் சொல்லட்டும்; பெற்றோர் ஐயரின் கதையைப் படித்துக் காட்டட்டும். பிறகு குடும்பமாக அமர்ந்து இவற்றைச் சிந்திக்கலாம்:

1. சந்தராவின் சாவுக்கு முதற்காரணம் யார்?
2. மான்ட்ரெசார் அவமதிப்பு என்னவென்று சொல்லாதது ஏன்?
3. குடும்ப மானம் காக்க நம் வீடுகளில் பழி யார் தலையில் விழுகிறது?

மூன்றாவது கேள்விக்கு விடையைப் பிள்ளைகள் முதலில் சொல்லட்டும். பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்பது நல்லது.