ஒரு பெட்டிக்காக முழு மென்பொருளா?

நம்பிக்கை: விசுவல் பேசிக் 6இல் (வி.பி.6) எழுதிய பழைய மென்பொருளில் யுனிகோட் தமிழ் வராது, எல்லாவற்றையும் டொட்நெட்டில் திருப்பி எழுத வேண்டும்.

உண்மை: எழுவைதீவில் கேட்டாலும் இந்தக் கதைதான், படகேறி ஊர்காவற்துறைக்கு வந்தாலும் இந்தக் கதைதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வி.பி.6இன் சொந்த எழுத்துப்பெட்டிக்கு யுனிகோட் தெரியாது. தமிழ் அதில் கேள்விக்குறிகளாக விழும். அதுமட்டும் சரி. அதற்காக, பிழையில்லாமல் ஓடும் கணக்கை ஏன் எறிய வேண்டும்? ஒரு கிடுகு உக்கினதற்கு வேலியை முழுக்கப் பிடுங்குவீர்களா?

மைக்ரோசொப்ட் 2007இல் இலவசமாக வெளியிட்ட இன்டரொப் போர்ம்ஸ் டூல்கிட் 2.0 இந்த வேலைக்கென்றே வந்தது. டொட்நெட்டில் செய்த எழுத்துப்பெட்டி போன்ற கொன்ட்ரோலை ஆக்டிவ்எக்ஸ் வேடத்தில் பழைய படிவத்துக்குள் அது உட்காரவைக்கும். சி++ எம்.எப்.சி.காரருக்கோ விசுவல் ஸ்ரூடியோ 2005இலேயே இதற்கான வகுப்புகள் கிடைத்துவிட்டன. டொட்நெட் பெட்டி பிறவியிலேயே யுனிகோட். பெயரும் முகவரியும் எழுதும் பெட்டிகளை மட்டும் மாற்றுங்கள். கணக்குப் பகுதியைத் தொடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை உண்டு. வி.பி.6 32 பிட். 64 பிட்டுக்கென்றே தொகுத்த கொன்ட்ரோல் அதில் ஏறாது. டாப் விசை சிலவேளை சண்டித்தனம் செய்யும். எஸ்.கியூ.எல். சேர்வரில் பெயரும் முகவரியும் சேரும் புலம் வார்சார் வகையாக இருந்தால், திரையில் தமிழ் தெரிந்தாலும் சேமிப்பில் கேள்விக்குறிதான், என்வார்சாராக மாற்றுங்கள்.

நம்பிக்கை: தீவில் இணையம் மந்தம்; டொட்நெட்டை இறக்க முடியாது.

உண்மை: விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்பிலிருந்து டொட்நெட் பிரேம்வொர்க் 4.8 கூடவே வருகிறது. கொன்ட்ரோலைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பதிவுசெய்தால் போதும்.

நம்பிக்கை: இரண்டையும் கலந்தால் மென்பொருள் மந்தமாகும்.

உண்மை: டொட்நெட் முதல்முறை ஏறும்போது சற்றுத் தாமதிக்கும். அவ்வளவுதான்.

நம்பிக்கை: பாமினி எழுத்துரு இருக்கிறதே, அது போதாதா?

உண்மை: போதாது. பாமினியில் சேமிப்பில் கிடப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் பெயர் குப்பையாகும். அகரவரிசையும் வராது. சங்க உறுப்பினர் பட்டியலோ பள்ளிக்கூடப் பதிவேடோ, ஆளின் பெயரை அடுத்த கணினியில் வாசிக்க முடியாவிட்டால் அது என்ன பதிவு? பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றே மாற்றுங்கள்.

திருப்பி எழுதச் சொல்கிறவரிடம், எந்தப் பெட்டி வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.