மோட்டார் வண்டியில் ஓர் உடம்படுமெய்

தமிழிலக்கணம் பயில்வோர் உடம்படுமெய்யை நன்கறிவர். உயிரீற்றின் முன் உயிர் வந்து புணருங்கால், யகரமோ வகரமோ இடையே தோன்றி அவ்விரண்டையும் இசைவிக்கும். 'மணி', 'அழகு' என்னுஞ் சொற்கள் 'மணியழகு' என நிற்பது அதனாலாம். மோட்டார் வண்டியின் முன்பக்கத்தே இத்தொழிலைச் செய்வதோர் உறுப்பு உண்டு. பட்டறையினர் அதனைப் புஷ் என்பர். இரும்பும் இரும்பும் கூடுமிடத்தே நின்று, அவை மோதாவண்ணம் அதிர்ச்சியைத் தான் ஏற்கும் சிறு ரப்பர்த் துண்டே அது. பழைய வண்டியில் தேய்ந்த புஷ்ஷை மாற்றும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

எடுத்துக்காட்டாக மாரிஸ் மைனர் என்னும் வண்டியைக் கொள்க. அலெக் இஸிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. இதன் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும், இங்கிலாந்திலும் இலங்கையிலும் இன்னும் பல ஓடுகின்றன. இதன் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்குகின்றன. மேற்கை, ஷாக் அப்ஸார்பரின் நெம்புகோலேயாம். கீழ்க்கையின் உள்முனை, வண்டியின் சட்டத்தோடு பொருந்திய இரும்புக் கண்ணொன்றில், இரண்டு ரப்பர் புஷ்களைத் துணையாகக் கொண்டு அசைகின்றது. சுருள்வில்லுக்குப் பதிலாக, நீளவாட்டிற் கிடக்கும் முறுக்குக் கம்பியொன்று கீழ்க்கையோடு பிணைந்து பாரத்தைத் தாங்கும். கீழ்க்கையினின்று முன்னோக்கிச் செல்லும் கட்டுக் கம்பி, சக்கரம் பின்வாங்காமற் காக்கும். அதன் முனையிலும் ரப்பர் உண்டு.

இந்த ரப்பர்கள் தேய்ந்தமைக்கு அறிகுறிகள் யாவை? சிறு குழியில் இறங்கும்போதும் பிரேக்கை அழுத்தும்போதும் 'டொக்' என்னும் ஓசை எழும். வண்டி நேரே செல்லாது ஒருபுறமாக இழுக்கும். டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேயும். இவற்றைக் கண்டோர் சிலர் ஸ்டியரிங்கையே பழித்து, அதனைக் கழற்றிப் பொருளை வீணாக்குவர். கீழ்க்கைக்கும் சட்டத்திற்கும் இடையே ஓர் இரும்புக் கோலைச் செலுத்தி நெம்பிப் பார்ப்பின் உண்மை விளங்கும். கை தாராளமாக அசையுமாயின், அல்லது ரப்பர் வெடித்தோ எண்ணெயில் ஊறியோ இருக்குமாயின், புஷ்ஷே குற்றமுடையது.

இனி, கழற்றும் முறை. வண்டியை ஜாக்கியால் உயர்த்திச் சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுதல் உயிருக்கு இடராம். முறுக்குக் கம்பியோ பாரத்தைத் தாங்குமளவு முறுக்கேறி நிற்பது. கீழ்க்கையைத் திடீரென விடுவிப்பின், அது கீழ்நோக்கிப் பாய்ந்து கையை நசுக்கிவிடும். ஆதலின், சக்கரத்தை அகற்றியபின் மற்றொரு ஜாக்கியைக் கீழ்க்கையின் அடியில் வைத்துத் தாங்குக. பின்னர்க் கட்டுக் கம்பியையும் சக்கரத்தின் சுழல்முளையையும் கீழ்க்கையினின்று பிரித்து, முறுக்கு முழுவதும் தளருமட்டும் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குக. கம்பியின் பற்கள் கையின் பற்களோடு பொருந்திய நிலையை முன்னரே வர்ணத்தாற் குறித்துவைத்தல் வேண்டும். அன்றேல், மீண்டும் பூட்டுங்கால் வண்டியின் உயரம் மாறுபடும்.

பழைய ரப்பரை அறுத்தெடுத்து, துருவைச் சுரண்டித் துடைக்க. புதியதைச் செலுத்துதற்குச் சவர்க்கார நீர் சாலும். எஞ்சின் எண்ணெய் ரப்பரை உப்பச்செய்து கெடுக்குமாதலின் அதனை விலக்குக.

பலர் வழுவுமிடம் இனித்தான் வருகின்றது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டுகளை இறுதியாக முறுக்கிவிடுவர். புஷ் வழுக்கிச் சுழலும் பொருளன்று. அதன் உட்புறம் ஓர் இரும்பையும் வெளிப்புறம் மற்றோர் இரும்பையும் பற்றிநிற்க, அசைவு முழுவதும் ரப்பரின் உள்ளேயே முறுக்காக அடங்குகின்றது. தொங்கும் நிலையில் இறுக்கின், அந்நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகும். வண்டி தரையில் நின்றவுடன் அது முறுக்குண்டு, நிற்கும்போதும் வருந்தும். ஓடும்போது ஒவ்வொரு குழியும் அம்முறுக்கை மிகுவிக்கும். புதிய ரப்பரும் விரைவிற் கிழிந்துபோம். ஆதலால் நட்டுகளை முதலில் ஓரளவே இறுக்குக. சக்கரத்தைப் பூட்டி, பட்டறைப் பள்ளத்தின்மேல் வண்டியைத் தன் சக்கரங்களில் நிறுத்தி, முன்பக்கத்தை இருமுறை மும்முறை அழுத்தி அசைத்தபின், அந்நிலையிலேயே இறுதியாக இறுக்குக.

ஒருபுறம் மட்டும் மாற்றுதல் ஆகாது. இருபுறமும் மாற்றிச் சக்கரங்களின் நேர்மையையும் அளந்து பார்த்தல் வேண்டும். சில நாள் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சோதிக்க.

வண்டியில் அமர்ந்து செல்வோர் இவ்வுறுப்பைக் காண்பதில்லை. எனினும் வளைவிற் பிரேக்கை அழுத்துங்கால், சக்கரத்தைத் தன்னிலை பிறழாது நிறுத்தும் பொறுப்பில் இதற்கும் பங்குண்டு. ஆகவே, வண்டியின் கீழே கிடந்து, முறை தவறாது ஒரு நட்டை இறுக்குபவன், தான் அறியாத பயணிகளுக்கும் தொண்டு செய்பவனாகின்றான்.