மணத்தக்காளியும் பெல்லடோனாவும்

தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் வாய்ப்புண்ணுக்கென்று பாசிப்பருப்போடு சேர்த்துச் சமைத்து வந்த மணத்தக்காளிக் கீரையை, ஆங்கில நூல்கள் ‘நைட்ஷேடு’ என்று குறிப்பதைக் கண்டு, கொடிய விஷமென்று அஞ்சி ஒதுக்குகிறவர்கள் படித்தவர்களிடையே இருக்கிறார்கள். இது பெயரால் வந்த மயக்கம். அந்த நூல்கள் அஞ்சச் சொல்வது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் காட்டோரங்களில் வளரும் பெல்லடோனாவை. இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் 1753-இல் தாவர சாஸ்திரி லின்னேயஸ் இரண்டுக்கும் நாமகரணம் செய்தபோதே அவற்றை வெவ்வேறு பேரினங்களில் வைத்துவிட்டார்.

கண்ணால் பார்த்தே வேற்றுமையை அறியலாம். மணத்தக்காளியின் பூ சிறியது, வெண்மையானது. இதழ்கள் ஐந்தும் விரிந்து பின்னோக்கி மடங்க, நடுவே மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்பாக நீட்டி நிற்கும். மிளகைவிடச் சற்றே பெரிய பழங்கள் ஒரே காம்பில் கொத்தாகத் தொங்கும். பெல்லடோனாவின் புஷ்பமோ, மங்கிய ஊதா நிறத்தில் மணிபோல் கவிழ்ந்து, இலைக் கக்கத்தில் தனித்துத் தொங்குவது. அதன் பழம் பளபளவென்று கறுத்து, நட்சத்திரமாக விரிந்த ஐந்து பச்சைப் புறவிதழ்களின்மேல் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். நம் சமவெளிகளில் அது தானாக முளைப்பதில்லை. அதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றைக் காண்பதற்குக் கூடக் காஷ்மீர மலைகளுக்குத்தான் போகவேண்டும்.

விஷங்களும் ஒன்றல்ல. பெல்லடோனாவின் அட்ரோபின் கண்மணியை விரித்து, நாவை வறட்டி, இதயத்தைப் படபடக்கச் செய்து, சித்தப் பிரமையில் கொண்டுபோய் விடும். அதே அட்ரோபினே வைத்தியர் கையில், பூச்சிமருந்து உண்டவரின் உயிரைக் காக்கும் ஔஷதமாவதால், அச்செடியை வெறும் விஷமென்று நிந்திப்பதும் நியாயமன்று.

இனி, எதிர்ப்பக்கத்து நம்பிக்கை: மணத்தக்காளியில் ஒரு தோஷமும் இல்லை, இருந்தாலும் வேகவைத்தால் போய்விடும் என்பது. அதன் பச்சைக் காயில், முளைவிட்டுப் பச்சை பாரித்த உருளைக்கிழங்கில் உள்ளது போன்றே, வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாக்கக்கூடிய சோலனின் உண்டு. அது கொதிநீரில் எளிதில் அழிவதில்லை. காய் பழுக்கப் பழுக்கத்தான் அது குறைகிறது. அந்தப் பச்சைக் காயை மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்த வற்றலைக் குழம்புக்கு ஒரு கைப்பிடிக்குமேல் யாரும் போடுவதில்லை. அந்த மிதம் விவேகமானது.

ஆகவே கீரையைத் தயக்கமின்றிச் சமையுங்கள். பழுத்த பழத்தைக் குழந்தைகள் பறித்துத் தின்றால் தடுக்க வேண்டாம். பச்சைக் காயை மட்டும் அவர்கள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.