பின்னால் நட, ஆனால் ரோட்டில் நடக்காதே!

ஷிப்ட் முடிந்து வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறுகிறாயே, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஓசூர் சிப்காட்டில் நாள் முழுக்க லைனில் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு முப்பது வயதிலேயே முட்டி வலி வந்துவிடுகிறது. அந்த வலிக்கு, பின்னோக்கி நடப்பது நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். அதற்காகக் கெலவரப்பள்ளி அணை ரோட்டில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டா பின்னால் நடப்பாய்? திட்டு அதற்குத்தான்.

முதலில் என்ன நன்மை என்று தெரிந்துகொள். முன்னால் நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் ஊன்றும். பின்னால் நடக்கும்போது விரல் பக்கம் முதலில் ஊன்றி, பிறகு குதிகால் இறங்கும். இதனால் முட்டிச் சில்லுக்கு அடியில் விழும் அழுத்தம் குறைகிறது. தொடையின் முன்பக்கத் தசைக்கு வேலை கூடுகிறது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கும், பக்கவாதம் வந்து நடை தடுமாறுகிறவர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்கள் இதைச் சொல்லித் தருவது அதனால்தான்.

இன்னொன்று, சக்தி நிறையச் செலவாகும். மணிக்கு 5.6 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 4.3 மடங்கு சக்தி செலவாகிறது. அதே வேகத்தில் பின்னால் நடந்தால் 6 மடங்கு. நீ அந்த வேகத்துக்குப் போகவே வேண்டாம். மெதுவாக நடந்தாலே மூச்சு வாங்கும், பார்.

1. இடம்தான் முக்கியம். ரோடு வேண்டவே வேண்டாம். அணைக் கரையும் வேண்டாம். வண்டி வருவது உனக்குத் தெரியாது; நீ திரும்பிப் பார்க்க மாட்டாய் என்பது வண்டிக்காரருக்குத் தெரியாது. ஓசூர் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். மார்கழியில் விடிந்த பிறகும் பனி விலகாது, தரையும் ஈரமாக இருக்கும். தெருநாய் படுத்திருந்தால் மிதித்த பிறகுதான் தெரியும். லைன் வீட்டின் நீளமான வராண்டா போதும். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

2. நடப்பதற்கு முன் வழியை ஒருமுறை முன்னால் நடந்து பார். வாளி, குழந்தையின் சைக்கிள், துணி காயப்போட்ட கயிறு, கழற்றிவிட்ட செருப்பு எல்லாவற்றையும் எடுத்து ஓரம் வை. நான் பார்த்தவரை, விழுந்தவர்களில் பாதிப் பேர் செருப்பு தடுக்கி விழுந்தவர்கள்தான்.

3. ரப்பர் செருப்போடு நடக்காதே, குதிகால் பக்கம் மடங்கிவிடும். பின்பக்கம் மூடிய ஷூ போடு. நைட்டியும் புடவையும் இதற்கு ஆகாது, குதிகாலில் மிதிபடும். துப்பட்டாவைக் கழற்றி வை.

4. முதல் வாரம் ஒரு கை சுவரைத் தொட்டபடியே இருக்கட்டும். சின்னச் சின்ன அடி. இருபது அடி பின்னால், திரும்ப முன்னால். மொத்தம் ஐந்து நிமிடம். பழகிய பிறகு பத்து நிமிடமாக்கு, அதற்கு மேல் ஆசைப்படாதே.

5. அடிக்கொரு தரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதற்குக் குறுக்கு வழி, சாக்பீஸில் நேர்கோடு ஒன்று போட்டுவிடு. கண் அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும். இன்னும் நல்லது, அறைத்தோழியைக் கூப்பிடு. எதிரெதிரே நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் முன்னால் வர, நீ பின்னால் போ. அவளுக்கு வழி தெரியும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

6. நைட் ஷிப்ட் முடிந்த காலையில் கண்டிப்பாகக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் நேராக நடக்கவே தடுமாறும். தூங்கி எழுந்து, மதியத்துக்கு மேல் நட.

7. எட்டு போட்டு நடப்பதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்காதே. பின்னால் போய்க்கொண்டே வளைந்தால் தலை சுற்றும்.

தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள், கண்புரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். தொடை இரண்டு நாள் வலித்தால் பயப்படாதே, தசை பழகுகிறது. முட்டி வீங்கினால் அன்றே நிறுத்து. வீட்டில் நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் நீயாக எதையும் சொல்லித் தராதே. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள்.

ரோட்டிலேயே பின்னால் நடந்தவர்களும் உண்டே என்பாய். தமிழ்நாட்டுக்காரர் மணி மனிதன் உலக அமைதி வேண்டி 1989 முதல் பின்னாலேயே நடந்தார். அமெரிக்காவின் பிளென்னி விங்கோ 1931-ல் கிளம்பி, பின்னால் வருவது தெரிய மூக்குக் கண்ணாடியில் குட்டிக் கண்ணாடி பொருத்திக்கொண்டு நடந்து, அடுத்த வருடம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். அவர்கள் மனவுறுதி பெரிது, வணங்குகிறேன். ஆனால் ரோட்டில் நடக்க அவர்களை நீ உதாரணம் காட்டாதே. உனக்கு வேண்டியது முட்டி வலிக்காமல் படி ஏற இரண்டு கால்.

இதைச் செய்வதால் வழக்கமான நடையை விட்டுவிடாதே. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை எல்லோருக்கும் வேண்டும். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு தொடங்கியதே, அங்கே போனால் முன்னால் பார்த்து நட. பின்னால் நடப்பது வீட்டு வராண்டாவிலோ மொட்டை மாடியிலோ மட்டும்.

இன்றைக்கு இருபது அடி போதும். முதலில் எழுந்து போய் அந்த வாளியை ஓரமாக வை.